ராமாமணியின் டாக்டர் மகன்

கணபதி என்ற பகுதியில் பஸ் ஸ்டாப்பிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்றில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கிறது. முன்னால் பட்டறை, பின்னால் வீடு. போர்டில் சென்னகிருஷ்ணன் என்று பெயர் இருக்கும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவர் மனைவி ராமாமணியைத்தான் தேடுவார்கள். கருகிய கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றுக் கணக்கு தப்பாமல் கட்டி முடிப்பதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் கைக்கு ஒரு பெயர் உண்டு. முப்பது வருஷமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுகிறாள்.

அவிநாசிக்குப் பக்கத்தில் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். தெலுங்கு சரளமாகப் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. படித்ததெல்லாம் தமிழில், பத்தாவது வரை. ஒரே மகன் கிஷன். அவன் பிளஸ் டூ முடித்தபோது இங்கே மெடிக்கல் சீட்டு எட்டவில்லை. யாரோ வழி சொல்ல, ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் ஜார்ஜியா என்ற சின்ன நாட்டுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். தலைநகரம் திபிலிசி. அந்தப் பெயரை வாயில் பழக்கிக்கொள்ளவே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவன் போய் ஒரு வருஷம் ஆவதற்குள் சந்தில் அந்த வீட்டுக்கு ‘டாக்டர் ஊடு’ என்று பெயர் விழுந்துவிட்டது. ராமாமணிக்கு அதில் கூச்சமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எதிர் வீட்டு மாசாணியம்மாள் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வருவாள். “அம்மணி, இத உன்ற பையனுக்கு அனுப்பிக் கேளு. இங்கத்த டாக்டரு பேசவே மாட்டேங்கறாரு” என்பாள். ராமாமணி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிடும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் சென்னகிருஷ்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, அவருடைய மாத்திரைகளையும் அவள் மகனைக் கேட்டுத்தான் கொடுத்தாள். ஒரு முறை, கால் வீக்கத்துக்கு ஒரு மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு மாற்றச் சொன்னான். மாற்றினார்கள். வீக்கம் வடிந்தது. சென்னகிருஷ்ணன் அதைப் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

கிஷன் திபிலிசியில் ஒரு வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். வீட்டுக்காரி மனானா, அறுபது வயது, புருஷன் இல்லை, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு நாள் வீடியோ காலில் கிஷனின் தோளுக்குப் பின்னால் அவள் திராட்சைக் கொத்தைத் தூக்கிக் காட்டினாள். பதிலுக்கு ராமாமணி முருங்கைக்காயைக் காட்டினாள். அப்படி ஆரம்பித்தது. பிறகு இருவரும் தனியாகவே பேச ஆரம்பித்தார்கள். இவள் தமிழில் பேசினால் போன் அதை ஜார்ஜிய மொழியில் சொல்லும். அவள் பேசினால் தமிழில் சொல்லும், நியூஸ் வாசிப்பது போல. “இன்று என் முழங்கால் மிகுந்த வேதனையில் உள்ளது, சகோதரி” என்று அது சொல்லும்போது ராமாமணிக்குச் சிரிப்பு வரும். நாலு வருஷம் இப்படிப் பேசினார்கள். என்ன சமைத்தாய், மழை உண்டா, கால் வலி எப்படி. வேறு யாரிடமும் சொல்லாத சிலதைக்கூட ராமாமணி அந்தப் போனிடம் சொல்லியிருக்கிறாள். முகம் தெரியும், மொழி தெரியாது என்பதில் ஒரு சௌகரியம் இருந்தது.

வந்துவிட்டுப் போ, வந்துவிட்டுப் போ என்று மனானா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கிஷன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னான். பரீட்சை, குளிர், ஆஸ்பத்திரி டியூட்டி. போன மே மாதம் சென்னகிருஷ்ணனே சொன்னார்: “நீ போய்ப் பாத்துப்போட்டு வா. அடுத்த வருசம் அவன் முடிச்சுட்டு வந்துட்டான்னா அப்பறம் எங்க போகப் போறே.” ராமாமணி ஐம்பத்து நான்கு வயதில் முதன்முதலாக விமானம் ஏறினாள்.

முதல் மூன்று நாளும் நன்றாகவே போயின. கிஷன் காலையில் வெள்ளைக் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்புவான், சாயங்காலம் வருவான். உன் காலேஜைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள் என்றான். கட்டடத்தையாவது வெளியே நின்று பார்க்கிறேன் என்றாள். சரி, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றான். இளைத்திருந்தான். படிப்புச் சுமை என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் காலையில் மனானா கார் சாவியைக் காட்டி, மலைக்குப் போகலாம் என்றாள். வடக்கே ரஷ்ய எல்லை வரை போகும் மலைப்பாதை, வழியில் ஏரிக்கரைக் கோட்டை, மேலே பனி மலை. ஊருக்கு வருகிற எல்லோரும் பார்க்கும் இடம். கிஷனையும் வரச் சொன்னார்கள். “எமர்ஜென்சி வார்டு டியூட்டிம்மா, இன்னிக்கு விடவே மாட்டாங்க. நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவர்களுக்கு முன்பாகவே கிளம்பிப் போனான்.

மனானாவின் கார் பழைய ஜப்பான் வண்டி. நம் ஊர் வண்டி போல ஸ்டியரிங் வலது பக்கம். ஆனால் அந்த நாட்டில் சாலையின் வலப்புறம் ஓட்ட வேண்டும். அதனால் முன் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்த ராமாமணியின் முகத்துக்கு நேராகத்தான் எதிரே வரும் லாரிகள் வந்தன. முன் பம்பர் இல்லை. கேட்டதற்கு மனானா தோளைக் குலுக்கினாள், எத்தனையோ வண்டிக்கு இல்லை என்பது போல. வழியில் எந்தச் சர்ச் தெரிந்தாலும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போதெல்லாம் ராமாமணி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு சரியான மழை. பச்சை நிற ஏரி ஒன்று வந்தது. அதன் கரையில் கோட்டை. குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பார்த்தார்கள். மனானா கல் சுவரில் செதுக்கியிருந்த திராட்சைக் கொடியைக் காட்டிப் போனில் ஏதோ பேசினாள். “இந்தக் கோட்டையில் மிகவும் கெட்ட சண்டைகள் நடந்தன” என்றது போன். ராமாமணி நாலு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். ‘சூப்பர். கிஷன் எங்கே?’ என்று பதில் வந்தது. ‘டியூட்டி’ என்று அனுப்பினாள்.

அதற்கு மேல் ஏற்றம். இரண்டு ஆறுகள் ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் வந்து சேரும் இடத்தில் மழையில் இரண்டுமே சேற்று நிறமாக இருந்தன. வளைவுக்கு வளைவு மலைச்சரிவிலிருந்து தண்ணீர் ரோட்டில் இறங்கியது. மனானாவின் வண்டியில் ஒரு வைப்பர்தான் ஒழுங்காக வேலை செய்தது. ராமாமணியின் பக்கத்து வைப்பர் பாதி தூரம் வந்து நின்று, யோசித்து, திரும்பிப் போனது. ஊட்டி ரோடு போலத்தான் இருக்கிறது என்று சொல்லித் தைரியப்படுத்திக்கொண்டாள். போனில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது.

ஒரு வளைவில் வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் பெரிய லாரிகள், அதற்கும் முன்னால் போலீஸ் வண்டியின் நீலவிளக்கு. மனானா குடைகூட எடுக்காமல் இறங்கிப் போய் ஒரு லாரி டிரைவரிடம் பேசினாள். அவன் மேலே கையைக் காட்டினான். ஒரு கையால் உருண்டு வருவது போலவும் மறு கையால் நசுங்குவது போலவும் சைகை செய்தான். ராமாமணி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் சரிந்திருக்கிறது என்று புரிந்தது. மனானா இன்னும் ஏதோ கேட்டாள். அவன் பதில் சொன்னதும் அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்தவளின் முகம் வெளுத்திருந்தது. ராமாமணியைப் பார்க்கவில்லை. தன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது முறை, மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே தனக்குள் முணுமுணுத்தாள். ஜார்ஜிய வார்த்தைகளுக்கு நடுவே ஒரு பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“கிஷன். கிஷன்.”

ராமாமணி அவள் கையைத் தொட்டாள். “கிஷனா? அவன எதுக்குங்க கூப்படறீங்க? அவன் ஆஸ்பத்திரியில இருக்கான். டியூட்டியில போனு எடுக்க மாட்டான்.” தன் போனிலும் அதையே சொல்லி நீட்டினாள். போன் அதை ஜார்ஜிய மொழியில் சொன்னது.

மனானா அந்தப் போனை வாங்கி, வாயருகே வைத்து, நிறுத்தாமல் பேசினாள். பேசி முடித்ததும் திரையில் வட்டம் சுற்றியது. பிறகு அந்த நியூஸ் வாசிக்கும் குரல் வந்தது.

“கிஷன் மருத்துவமனையில் இல்லை. அவர் இரண்டு ஆண்டுகளாக இல்லை. நான் உங்களிடம் சொல்ல விரும்பினேன், ஆனால் அவர்”

அத்தோடு நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது.

அந்த நிமிஷத்தைப் பற்றிப் பின்னால் ராமாமணி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். “இல்லைன்னா என்னங்க அர்த்தம்? காலையில எனக்கு டீ போட்டுக் குடுத்த பையன் ரெண்டு வருசமா இல்லைன்னு அந்தப் போனு சொல்லுது. எனக்குக் காது ரெண்டும் அடச்சுப் போச்சு. மழ பெய்யற சத்தமே கேக்கல.”

அவள் போனைப் பிடுங்கித் திரையைத் தேய்த்தாள். வெளியே நீட்டினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மனானா அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து வார்த்தை இருக்கும். கையால் சுட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“கிஷன். நோ காலேஜ். நோ டாக்டர்.” பிறகு தன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். “டிரைவர். கிஷன் டிரைவர். டூரிஸ்ட்.” கடைசியாக மேலே, மழைக்குள் மறைந்திருந்த சாலையைக் காட்டினாள். “டுடே. ஹியர்.”

ராமாமணி கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்தாள். செருப்பு சேற்றில் மாட்டியது, விட்டுவிட்டாள். லாரிகளின் ஓரமாக ஏற்றத்தில் நடந்து போலீஸ் கட்டியிருந்த நாடாவுக்குக் கீழே குனிந்து நுழையப் போனாள். ஒரு போலீஸ்காரன் இரண்டு கையையும் விரித்து மறித்தான். அவள் அவனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள், தமிழில் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான், கையை மட்டும் இறக்கவில்லை. பின்னால் ஓடி வந்த மனானா அவனிடம் பேசினாள். அவன் ராமாமணியைப் பார்த்தான், தொப்பியை எடுத்துத் தண்ணீரை உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான், பிறகு வயர்லெஸ்ஸில் யாரிடமோ கேட்டான். பதில் கரகரப்பாக வந்தது. மனானாவிடம் சொன்னான். அவளுக்கு அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை. ராமாமணியின் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே நின்றாள்.

வயர்லெஸ்ஸில் வந்த செய்தி இவ்வளவுதான். இரண்டு வண்டிகள் மாட்டியிருக்கின்றன, அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், யார் எவர் என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம் அவர்கள் அந்த நாடாவுக்கு முன்னால் நின்றார்கள். மகன் பொய் சொன்னான் என்பது அப்போது அவள் மனதில் எங்கோ ஒரு மூலையில்தான் இருந்தது. அவன் டிரைவராகவே இருக்கட்டும், எதுவாகவும் இருக்கட்டும், நடந்து வந்தால் போதும் என்று நினைத்ததாகச் சொன்னாள். அந்த நினைப்புக்கு நடுவிலேயே, ரெண்டு வருஷமா, ரெண்டு வருஷமா என்று இன்னொரு குரலும் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

பிறகு மேலே மூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள். முதலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் உருவம் தெரிவதற்கு முன்பே குரல் கேட்டது.

“மெதுவா வாங்கம்மா, வழுக்குது பாருங்க. கையக் குடுங்க.”

அந்த மலையில் அந்தப் பேச்சைக் கேட்டதும் ராமாமணி குரல் வந்த பக்கம் திரும்பினாள். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள், மனைவியையும் வயதான தாயையும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். ராமாமணி அவன் முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க?”

அவன் திகைத்துப்போய்ச் சேலையைப் பார்த்தான், வெறுங்காலைப் பார்த்தான். “தாராபுரமுங்க. பேரு அருள்குமார். நீங்க இங்க எப்படிங்க?”

“உங்க வண்டிய ஓட்டுனது யாருங்க?”

“நம்ம ஊருப் பையன்தானுங்க, கணபதிக்காரன். கிஷன்னு பேரு. அவன் இல்லீன்னா இன்னிக்கு நாங்க இல்லீங்க. கல்லு உருள்றதப் பாத்துப்போட்டு அப்படியே ரிவர்ஸ் எடுத்தானுங்க. முன்னாடி கண்ணாடி மட்டுந்தான் போச்சு. எங்களுக்கு முன்னாடி போன வண்டி மாட்டிக்கிச்சு.”

“அவனுக்கு என்ன ஆச்சுங்க?”

“கையில கண்ணாடி கீறியிருக்குது, அவ்வளவுதான். எங்கள நடந்து போகச் சொல்லிப்போட்டு, அந்த வண்டிக்காரங்களத் தூக்கறதுக்கு நின்னுக்கிட்டான்.” அருள்குமார் தாயின் மழைக்கோட்டைச் சரிசெய்துகொண்டே தொடர்ந்தான். “டாக்டருக்குப் படிச்ச பையன்னு டிராவல்ஸ்ல சொல்லியிருந்தாங்க. ரத்தம் போகுது, நீ பாரு தம்பின்னு நான் சொன்னனுங்க. நான் டாக்டர் இல்லீங்க, தொட்டா தப்பாப் போயிருமுன்னான். ஆம்புலன்ஸ்காரங்க வந்ததும் ஸ்ட்ரெச்சரப் புடிக்க மட்டும் போனான். நீங்க அவனுக்கு என்ன வேணுமுங்க?”

மனானாதான் அவளைக் காட்டி, “மதர்” என்றாள்.

அருள்குமாரின் தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்ல பையனப் பெத்திருக்கறீங்க” என்றாள். வாழ்க்கையில் அவளைப் பார்த்து யாரும் சொன்ன எந்த வார்த்தையும் அவ்வளவு வலித்ததில்லை என்று ராமாமணி சொல்வாள்.

கிஷன் வருவதற்கு இன்னும் இருபது நிமிஷம் ஆனது. தலை குனிந்து, வலது கையில் துணி சுற்றிக்கொண்டு நடந்து வந்தான். நாடாவுக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்தபோதுதான் அம்மாவைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். அவன் முகத்தில் அப்போது இருந்ததைப் பயம் என்று மட்டும் சொல்ல முடியாது. கல் விழுந்தபோதுகூட அவன் அப்படி ஆகியிருக்க மாட்டான்.

ராமாமணி போய் அவன் கையை எடுத்துத் துணியைப் பிரித்துப் பார்த்தாள். காயம் ஆழமில்லை. திரும்பச் சுற்றிக் கட்டினாள். அவள் கை வழக்கம்போல இறுக்கமாக, ஒழுங்காகக் கட்டியது. கட்டி முடித்த பிறகுதான் பேசினாள்.

“அப்பாவுக்கு மாத்திரை மாத்தச் சொன்னியே. அது யாரு சொன்னது?”

அவன் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுவாக இருந்திருக்காது.

“பிரத்யுஷாகிட்டக் கேட்டுச் சொன்னேம்மா. கூடப் படிச்ச பொண்ணு. எதையும் நானாச் சொல்லலம்மா. ஒவ்வொண்ணும் அவகிட்டக் கேட்டுத்தான்.”

“அவளாவது படிக்கறாளா?”

“படிக்கறாம்மா.”

“மாசாணியக்காவுக்குச் சொன்னது?”

“அதுவும் அவகிட்டக் கேட்டுத்தான்.”

“அந்தப் பொண்ணு இதுவரைக்கும் உங்கப்பா மூஞ்சியப் பாத்திருக்குதா?”

மழையில் அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. அவள் திரும்பிக் காருக்கு நடந்தாள். மனானா அவள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

இறங்கி வரும் வழியில் அவன் பின் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மூன்றாம் வருஷத்தில் ஒரு பேப்பரில் மூன்று முறை தேறவில்லை. காலேஜில் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே சொல்லிவிட வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தான். அன்றைக்குத்தான் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

“நான் ஆரம்பிச்சேம்மா. காலேஜ்ல ஒரு பிரச்சினைன்னு ஆரம்பிச்சேன். நீங்கதான், என்னவா இருந்தாலும் இப்ப நல்ல சேதியாச் சொல்லு கண்ணு, அப்பா தாங்க மாட்டாருன்னு சொன்னீங்க.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஐசியூவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொன்னது உண்மைதான். “அதுக்கு ரெண்டு வருசமாடா?” என்று கேட்டாள். ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தான். அதற்குள் அப்பாவின் மாத்திரைகளையும் அனுப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் முறை பதில் சொன்ன பிறகு, இப்போது நான் படிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அங்கே வரும் நம் ஊர் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டத் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. பிழைப்பு ஓடியது. பீஸுக்கு என்று வந்த பணத்தைத் தொடவில்லை, பாங்கில் அப்படியே இருக்கிறது என்றான். இன்று போக இருந்தது வேறு திசை. அருள்குமாரின் தாய்தான் பனி பார்க்க வேண்டும் என்று காலையில் கேட்டிருக்கிறார். அம்மாவும் மலைக்குப் போகிறாள் என்று தெரிந்தும், மழையில் அவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுவார்கள் என்று நினைத்து ஏறியிருக்கிறான்.

சிக்னல் வந்ததும் மனானா வண்டியை ஓரம் நிறுத்திப் போனில் பேசினாள். “மேலே மாட்டியது ஓர் இந்திய ஓட்டுநரின் வண்டி என்று லாரிக்காரர் சொன்னபோது நான் பயந்தேன். அவர் படிப்பை விட்ட முதல் ஆண்டில் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிறகு அவர் என்னைக் கெஞ்சினார். நான் உங்கள் நண்பராக இருந்து கெட்டவராக நடந்துகொண்டேன். என்னைத் திட்டுங்கள்.” ராமாமணி அவளைத் திட்டவில்லை. நாலு வருஷமாக முருங்கைக்காய் முதல் முழங்கால் வரை பேசியவள் இதைப் பேசவில்லையே என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லியும்விட்டாள்.

அன்று சாயங்காலமே, மனானாவின் சமையலறையில் ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து, போனை மகனிடம் நீட்டினாள். “நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.” கிஷன் சொன்னான். சென்னகிருஷ்ணன் முழுவதையும் கேட்டார். மறுமுனையில் பட்டறையில் கிரைண்டர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அவர், “அம்மாகிட்டக் குடு” என்றார். அவளிடம், “நீ எப்ப வர்றே?” என்று கேட்டார். அவ்வளவுதான். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. மறுநாள் காலையில் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்து இருதய டாக்டரிடம் போனார். மாத்திரை சரிதான் என்று அவர் சொன்ன பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட்டார். மகனோடு பொங்கல் வரை பேசவில்லை.

ஊர் திரும்பியதும் ராமாமணி செய்த காரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: யாருக்கும் தெரிய வேண்டாம், பையன் அங்கேயே வேலையில் இருக்கிறான் என்று விட்டுவிடு. அவள் கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள் தன் போனிலிருந்த ரிப்போர்ட் போட்டோக்களை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்து, யார் யாருக்குக் கேட்டுக் கொடுத்தோம் என்று பெயர்களை ஒரு சீட்டில் எழுதினாள். பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள்.

“என்ற பையன் டாக்டருக்குப் படிக்கலீங்க. ரெண்டு வருசமாச்சு நின்னு. எனக்கே இப்பத்தான் தெரியும். அவன் சொன்னத வச்சு நீங்க ஏதாச்சும் மாத்திரை சாப்பட்டுட்டு இருந்தா, ஒரு தடவ உங்க டாக்டர்கிட்டக் காட்டிக் கேட்டுப்போடுங்க.”

நின்றபடியே சொன்னாள், காபி குடிக்கவில்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒருவர், பரவாயில்லைங்க, எனக்கு நல்லாத்தான் ஆச்சு என்றார். அது அவளுக்குச் சாத்திய கதவைவிடக் கஷ்டமாக இருந்தது. சில பேர் பின்னால் சிரித்தார்கள். ‘டாக்டர் ஊடு’ என்ற பெயர் போகவில்லை, சொல்லும் விதம் மாறியது.

கிஷன் பொங்கலுக்கு வந்தான். அப்பா அவனைப் பார்த்து, “வண்டி நல்லா ஓட்டுவியா?” என்று கேட்டார். “ஓட்டுவேங்கப்பா” என்றான். “சரி” என்றார். அவர்களுக்குள் நடந்த சமாதானம் அவ்வளவுதான். பத்து நாளில் திரும்பிப் போனான். இப்போதும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறான். ராமாமணி வாரம் ஒரு முறை பேசுகிறாள். ஆனால் அவன் எது சொன்னாலும் ஒரு கணம் நிற்கிறாள். சாப்பிட்டேன் என்று சொன்னால்கூட. அந்த நிற்பதை அவளால் விட முடியவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய துக்கம்.

பதினோரு வீட்டில் அவள் கடைசியாகப் போனது எதிர் வீட்டுக்கு. மாசாணியம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள்.

“அப்ப அந்த மாத்திரைய நான் சாப்படறதா, நிறுத்தறதா?”

“எனக்குத் தெரியாதுங்கக்கா.”

“யாரக் கேக்கறது? என்ற மகன் பெங்களூருல இருக்கறான்.”

மறுநாள் காலையில் ராமாமணி பட்டறைக்குப் போகவில்லை. மாசாணியம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டு கிளினிக்குக்குப் போனாள். டோக்கன் முப்பத்தொன்பது. முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.